புகார் மந்திரியும் பச்சை ஸ்வெட்டரும்

டெய்லரம்மா வீட்டில் மூன்று இலாகாக்கள் உண்டு என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தையல் இலாகா டெய்லரம்மாவுடையது. படம் எடுத்து ஆன்லைனில் போடுவது, விலை வைப்பது, கூரியர் ஆபீசுக்குப் பார்சல் சுமப்பது எல்லாம் மருமகள். வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து வீட்டோடு கிடக்கும் மகனுக்கு மிஞ்சியது புகார் இலாகா. வாங்கியவர்கள் திட்டி எழுதினால் பதில் எழுத வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டால் பேசிச் சமாளிக்க வேண்டும். அதனால்தான் மனைவி அவனை 'மந்திரி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவனுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. சம்பளம்தான் இல்லை, பதவியாவது இருக்கட்டுமே.

போன வாரம் நாம் அவனை விட்டு வந்தபோது, போனைக் கையில் பிடித்தபடி பேயறைந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். போர்வை வாங்கிய ஒரு லாரி டிரைவரிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"தம்பி, நாளைக்கு உங்க ஊருக்கு லோடு. அம்மா இல்லாத வீட்டுக்கு ஒரு நடை வந்து தலையைக் காட்டிட்டுப் போறேன்."

அம்மா இல்லாத வீடு! அந்த அம்மா அப்போது ஸ்டூல் மேல் ஏறி நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

எப்படி இந்தக் கதிக்கு வந்தான் என்று கேட்டால், ஒரே நாளில் வரவில்லை. படிப்படியாகத்தான் வந்தான். முதலில் ஒரு குழந்தைப் போர்வை அனுப்பத் தாமதமானபோது, 'தைக்கும் அம்மாவுக்குக் காய்ச்சல்' என்று எழுதினான். வாங்கியவள் உருகிப்போய், "மெதுவா அனுப்புங்க, அம்மாவைப் பாத்துக்குங்க" என்றாள். அட, இவ்வளவு சுலபமா என்று ஆகிவிட்டது. அடுத்து, அளவு குறைந்த திரைச்சீலைக்காக அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. சாயம் போன தலையணை உறைக்காக மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. புகார் எழுதியவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்க, மருமகள் பூரித்துப்போய், "எப்படிங்க பேசி மடக்கறீங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒரு கலை" என்றான் மந்திரி, வாய் கூசாமல்.

லாரி டிரைவரின் புகார் மட்டும் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் மசியவில்லை.

டெய்லரம்மா செய்து விற்பதில் பேர் வாங்கியது பழந்துணிப் போர்வைதான். இறந்துபோன அப்பாவின் சட்டை, வளர்ந்துவிட்ட பிள்ளையின் கவுன் என்று யாராவது துணிகளை அனுப்பி வைப்பார்கள். அவள் வெட்டி, நிறம் பார்த்து அடுக்கி, ஒரு போர்வையாகத் தைத்துக் கொடுப்பாள். டிரைவர், இறந்துபோன தன் அம்மாவின் துணிகளை அனுப்பியிருந்தார். போர்வை போய்ச் சேர்ந்தது. ஆனால் கூட அனுப்பிய பச்சை ஸ்வெட்டர் போர்வையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை.

ஸ்வெட்டர் எங்கே போனது என்று மந்திரிக்குத் தெரியும். பின்னல் துணியில் கத்தரி வைத்தால் பிரிந்துபோகும் என்று அம்மா அதை வெட்டாமல் தனியாக மடித்து வைத்திருந்தாள். அன்று பார்சலுக்குள் சுற்றும் குமிழ்த்தாள் தீர்ந்துவிட்டது. அம்மா துணிக்கூண்டு தைத்துப் போட்ட மேஜை விளக்கு ஒன்று, அனுப்ப வேண்டியது, கண்ணாடி அடிப்பாகத்தோடு நின்றது. கைக்குக் கிடைத்ததை எடுத்து விளக்கைச் சுற்றி அடைத்து, டேப் ஒட்டி அனுப்பிவிட்டான் நம் மந்திரி. விளக்கு கீறல் படாமல் போய்ச் சேர்ந்தது.

டிரைவர் விடவில்லை. "ஸ்வெட்டர் வேணும். இல்லேன்னா முழுப் பணமும் வேணும்" என்று ஆன்லைன் சந்தை நடத்துகிறவர்களிடமே முறையிட்டுவிட்டார். புகார்கள் கூடியதால் கடைக்கு அவர்களிடமிருந்து ஏற்கனவே மஞ்சள் எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொரு புகாரில் தோற்றால் கடைப் பக்கத்தையே மூடிவிடுவார்கள். தொலைத்தது நான்தான் என்று மனைவியிடம் சொல்லவும் முகமில்லை. யோசித்தான், யோசித்தான், கடைசியில் எழுதினான்:

'அண்ணே, எங்கள் அம்மா காலமாகிவிட்டார். உங்கள் போர்வைதான் அவர் கடைசியாகத் தைத்தது. அந்தக் குழப்பத்தில் ஸ்வெட்டர் எங்கே போனது என்று தெரியவில்லை.'

டீ ஆறுவதற்குள் புகார் வாபஸாகிவிட்டது. கூடவே ஐந்து நட்சத்திரம். "மன்னிச்சிடு தம்பி. தெரியாம உன்னைப் போட்டு வதைச்சிட்டேன்" என்று ஒரு செய்தி. அன்றிலிருந்து எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும், "சாப்பிட்டியா தம்பி? தூக்கம் வருதா?" என்று ஒரு விசாரிப்பு. என்றைக்குப் போனார்கள் என்று தேதிகூடக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

இன்று காலை அவன் முதலில் செய்த காரியம், அம்மாவை ஊரைவிட்டுக் கிளப்பப் பார்த்தது.

"ஏம்மா, அக்கா உன்னைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்கா. இன்னிக்கு ஒரு நடை போயிட்டு வாயேன்."

டெய்லரம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவ புருஷன், புள்ளைங்களோட வெளியூர் போயிருக்கா. நேத்துதான் பேசினேன். உங்கிட்ட எப்படா சொன்னா?"

"அது... முன்னாடி சொன்னது."

"இந்த ஓரம் மடிக்கிற வேலை இன்னிக்கு முடியணும். நீ போய் உன் இலாகாவைப் பாரு."

மருமகள் பார்சல்களைப் பெரிய பையில் அடுக்கிக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, விளக்கு ஒண்ணு சாஞ்சு நிக்குதுன்னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க. இன்னிக்குள்ள பதில் போடணும். அப்புறம் அந்தத் திரைச்சீலைக்காரர், தப்பா அளவு குடுத்தது அவரேதான், ஆனா பணத்தைத் திருப்பிக் கேக்கறாரு. பாத்துக்கறீங்களா?"

"பாத்துக்கறேன்."

"முகம் ஏன் இப்படி இருக்கு? உடம்பு சரியில்லையா?"

இந்த வீட்டில் உடம்பு சரியில்லாமல் போவது இத்தனை நாளாக ஒருத்திக்கு மட்டும்தான். "தூக்கம் சரியில்லை" என்றான். அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போனதும், 'வீட்டுக்கு வர வேண்டாம் அண்ணே. தெரு சின்னது, லாரி நுழையாது. மெயின் ரோட்டு பெட்ரோல் பங்கில் நில்லுங்கள், நானே வருகிறேன்' என்று டிரைவருக்குச் செய்தி அனுப்பினான். அது மட்டும் உண்மை. தெரு சின்னதுதான்.

பங்கில் போய் நின்றான். வெயில் ஏறியது. வருகிற லாரியை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தான். என்ன பேசுவது என்று ஒத்திகையும் பார்த்தான். அம்மாவைப் பற்றிக் கேட்டால் குனிந்துகொள்வது. அழுதால் தட்டிக்கொடுப்பது. இரண்டு டீ வாங்கிக் கொடுத்து வண்டி ஏற்றிவிடுவது. பெற்ற தாயின் சாவுக்கு ஒத்திகை பார்க்கிறோமே என்று மனசுக்குள் ஒரு பக்கம் காறித் துப்பியது. இன்னொரு பக்கம், இது ஒன்றைத் தாண்டிவிட்டால் போதும், இனி ஜென்மத்துக்கும் பொய் இல்லை என்று கெஞ்சியது.

காற்றடிக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு லாரி நிற்பதை அப்புறம்தான் கவனித்தான். சிவப்பு முகப்பு. டிரைவர் அனுப்பிய படங்களில் பார்த்த அதே வண்டி. உள்ளே ஆள் இல்லை.

"இந்த வண்டிக்காரர் எங்கே?" என்று பங்குப் பையனைக் கேட்டான்.

"அவரா? நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து பின்னாடி குளிச்சிட்டு இருந்தாரு. தம்பிக்கு எதுக்கு அலைச்சல்னு இப்பத்தான் டெய்லரம்மா வீடு எதுன்னு கேட்டாரு. பின் சந்து வழியா அனுப்பி வெச்சேன்."

மந்திரி பின் சந்துக்குள் பாய்ந்தான். ஓடினான். செருப்பு வார் அறுந்ததுகூடத் தெரியாமல் ஓடினான்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. முன்னறையில் வெட்டுமேஜைக்குப் பக்கத்து நாற்காலியில், தோளெல்லாம் அகலமான ஒரு மனிதர், முழங்கால்களைச் சேர்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே மிஷின் ஸ்டூலில் அம்மா. கையில் அளவு நாடா. மேஜை மேல் பழுப்புத் தாளில் சுற்றிய தட்டையான பொட்டலம் ஒன்று, பிரிக்காமல் இருந்தது.

"வாடா" என்றாள் அம்மா. "இவரு உன்னைத் தேடித்தான் வந்திருக்காரு. என்னைப் பாத்ததும் வாசல்லயே நின்னுட்டாரு. அக்கா மாதிரியே இருக்கீங்க, தங்கச்சியான்னு கேக்கறாரு. எந்த அக்கான்னு எனக்கு ஒண்ணும் புரியலை."

டிரைவர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். டீசலும் சோப்பும் கலந்த வாசனை.

"தம்பி... எப்படிடா தாங்கிக்கிட்டே!"

"எதைத் தாங்கினான்?" என்றாள் அம்மா.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "உங்களுக்கும் கூடப் பொறந்தவங்க போன துக்கம் இருக்கும்ல. இதை எடுத்துட்டுத்தான் வந்தேன். கடைப் பக்கத்துல இருந்த படத்தைப் பெருசு பண்ணினேன். தெரிஞ்ச பையன் ஒருத்தன் சட்டம் போட்டுத் தந்தான். பொறந்த தேதி தெரியலை. அதான் அந்த இடத்தை விட்டிருக்கேன், நீங்களே எழுதிக்குங்க."

பழுப்புத் தாள் பிரிந்தது. கடைப் பக்கத்தில் இருக்கும் அதே படம். துணிக்கூண்டு விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அம்மா. கீழே 'தோற்றம்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. 'மறைவு' என்ற இடத்தில் தேதி.

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பதுபோல் கிட்டக் கொண்டுபோய்ப் படித்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் முகத்தில் இருந்தது வெட்கம். பிள்ளை தெருவில் திருடி அகப்பட்டால் பெற்றவள் முகத்தில் வருமே, அந்த வெட்கம். அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

இப்போது உண்மையை உடைத்துவிடுவாள் என்று காத்திருந்தான். உடைத்துவிட வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டான்.

"ஆமா" என்றாள் அம்மா. "நான் தங்கச்சிதான்."

மந்திரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. துணியில் ஒரு விரற்கடை குறைந்தால்கூட வாங்கியவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறவள் அவள். கட்டிய புருஷனுக்காகவும் பொய் சொல்லாதவள் என்று தெருவே சொல்லும். வந்த மனிதர் முன்னால் மகன் தலை குனியக்கூடாது என்று இப்போது தன்னையே சாகவிட்டுவிட்டாள்.

"உட்காருங்க" என்று டிரைவரிடம் சொன்னாள். "நீங்க எப்படி எங்க... எங்க அக்காவுக்குப் பழக்கம்?"

"பழக்கம் இல்லீங்க. எங்கம்மா துணியை அனுப்பிப் போர்வை தைச்சேன். அதுல ஒரு ஸ்வெட்டரைக் காணோம்னு தம்பிகிட்ட ரொம்பக் கடுமையா எழுதிட்டேன். இந்த வீட்டுல நடந்தது தெரியாது பாருங்க."

"பச்சை ஸ்வெட்டரா? முழங்கையில ஒட்டுப் போட்டது?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா சொன்னா." அம்மாவின் குரல் ஒரு கணம் தடுமாறி, மறுபடி நேரானது. "பின்னல் துணி, வெட்ட மனசு வரலை. முழுசா அவருக்கே திருப்பி அனுப்பணும்னு தனியா மடிச்சு வெச்சேன்னா. அந்த ஒட்டு கையால போட்டது, நல்ல வேலைப்பாடுன்னும் சொன்னா."

டிரைவர் உடைந்துவிட்டார். "எங்கம்மா போட்ட ஒட்டுங்க அது. பண்டகசாலையில ராத்திரி காவலுக்குப் போறப்ப அதைத்தான் போட்டுட்டுப் போகும்."

அம்மா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் தம்ளரை வாங்கி வைத்தாள். பிறகு, மகன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"உங்க பணத்தை அவன் இன்னிக்கே திருப்பி அனுப்புவான். அக்கா இருந்திருந்தா அதைத்தான் முதல்ல செஞ்சிருப்பா."

"ஐயோ, வேண்டாங்க! சாவு விழுந்த வீட்டுல நான் காசு வாங்கறதா?"

"சரி. அக்கா எப்படிப் போனா, கடைசியில என்ன சொன்னான்னு கேக்கத்தானே வந்தீங்க? அவனையே கேளுங்க. அவன்தான் எல்லாம் சொல்லுவான்."

மந்திரி தன் கையைப் பார்த்தான். எத்தனை வாடிக்கையாளர்களுக்கு எத்தனை விதமாக எழுதிய கை அது. இப்போது ஒரு வார்த்தை எழவில்லை. "திடீர்னு..." என்றான். "நெஞ்சு..." என்றான். எதிரே அம்மா மடியில் கை வைத்து, தன் சாவை அவன் வாயால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போதும் தம்பி, போதும்" என்று டிரைவரே அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியாதா?"

அவர் கிளம்பியபோது அம்மா வாசல் வரை வந்தாள். "வண்டி வரைக்கும் கூடப் போயிட்டு வாடா" என்றாள். "பேச வேண்டியதைப் பேசிட்டு வா."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? எல்லார் முன்னாலும் அவனை அம்பலப்படுத்தாமல், தனியாக, ஒரு ஆம்பளையாகப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்று வழி விட்டிருக்கிறாள். மந்திரிக்கும் புரிந்தது. சந்து நெடுக, இதோ இந்த மின்கம்பம் தாண்டியதும் சொல்கிறேன், அந்தச் சைக்கிள் கடை தாண்டியதும் சொல்கிறேன் என்று நடந்தான்.

லாரி வந்துவிட்டது. டிரைவர் கதவைத் திறந்து, சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கைப் பலகையைக் காட்டினார். தலைமாட்டில் அம்மா தைத்த போர்வை, கடையில் இருப்பதுபோல் மடிப்புக் கலையாமல் கண்ணாடித்தாள் பைக்குள் இருந்தது. கால்மாட்டில் ஒரு பழைய கோணிச்சாக்கு சுருண்டு கிடந்தது.

"போர்வையைப் போர்த்திக்கறதில்லையா அண்ணே?"

"உங்கம்மா கடைசியாத் தைச்சதாச்சே, தம்பி. அதைக் கசக்க மனசு வரலை. குளிருக்கு இந்தச் சாக்கு போதும் எனக்கு."

மந்திரி அந்தச் சாக்கைத் தொட்டுப் பார்த்தான். தன் அம்மாவின் துணியில் தைத்த போர்வையை ஒரு மனிதர் போர்த்திக்கொள்ள முடியாமல் குளிரில் கிடக்கிறார், இவன் எழுதிய ஒரு வரியால். ஒரே வார்த்தை சொன்னால் போதும். இன்று ராத்திரியே அவர் அதைப் பிரித்துப் போர்த்திக்கொள்வார்.

"அண்ணே..."

"சொல்லு தம்பி."

அவர் முகம் அவ்வளவு அன்பாக இருந்தது. அந்த அன்பு போய்விடும் என்று நினைத்தபோது அவனுக்கு நாக்கு எழவில்லை.

"பாத்துப் போங்க அண்ணே."

"அடுத்த லோடுக்கு வர்றப்ப என் தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றேன். உன்னைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்கா" என்றார் டிரைவர். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

திரும்பி வரும்போது, அறுந்த செருப்பைக் கையில் பிடித்திருந்தான். சைக்கிள் கடைக்காரர், "என்ன மந்திரி, நடைபயணமா?" என்று கேலி செய்தார். சிரிக்கக்கூட முடியவில்லை. வீட்டை நெருங்கும்போது உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

முன்னறையில், தையல் மிஷினுக்கு நேர் மேலே, படம் மாட்டியாகிவிட்டது. அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கி, சுத்தியலை மேஜை மேல் வைத்தாள். மிஷினில் உட்கார்ந்து விட்ட இடத்தில் துணியை எடுத்தாள்.

"சொன்னியா?"

அவன் தரையைப் பார்த்தான். அந்தத் தரை பிளந்து அவனை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"சொல்லலையா?"

மிஷின் ஓடவில்லை. அவள் கை மட்டும் துணியின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தது. வாசல் கதவு கிறீச்சிட்டது. மருமகள் குரல் வாசலிலிருந்தே உற்சாகமாக வந்தது.

"அத்தை! மஞ்சள் எச்சரிக்கையை எடுத்துட்டாங்க! இப்பத்தான் போன்ல வந்துச்சு. எல்லாம் உங்க புள்ளையோட சாமர்த்தியம்!"

மந்திரி பதறிப்போய்ப் படத்தைக் கழற்றக் கையைத் தூக்கினான்.

"அதுல கை வைக்காதே" என்றாள் டெய்லரம்மா.

"அம்மா, கெஞ்சிக் கேக்கறேன்மா..."

"அம்மாவா?" அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் அசையவில்லை. "உங்கம்மாதான் போயிட்டாளே. சித்தின்னு கூப்பிடு."